நாற்றுக்கு ஏழு நாள்

 

கார்த்திகை, மார்கழி மழையில் யாழ்ப்பாணத்து வளவுகளில் சிறு விதை போட்டால் நிற்காது. வெள்ளம் கொண்டு போனது போக, மிஞ்சியது அழுகிவிடும். அதனால் நம் பெண்கள் பால்மா டின்னிலும் யோகட் கப்பிலும் மண் நிரப்பி, விறாந்தையிலும் யன்னல் ஓரத்திலும் வைத்துக் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை வளர்த்து எடுக்கிறார்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அவற்றை வெளியே நடுகிறோம். ஒரு மாத உழைப்பு ஒரே பகலில் பாழாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி நாற்பது மிளகாய்க் கன்றுகளை விறாந்தையில் வளர்த்திருந்தார். கடையில் மிளகாய் வாங்கும் செலவு குறையும், மிஞ்சியதை அயலில் விற்றால் பிள்ளைகளின் கொப்பிக் காசுக்கு உதவும் என்பது அவர் கணக்கு. ஒரு சனிக்கிழமை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, லுஹருக்கு முன்பே நாற்பதையும் நானே வெயிலில் நட்டு முடித்தேன். மாலையில் எல்லாம் தலை சாய்ந்துவிட்டன. மறுநாள் இலைகளில் வெள்ளைத் திட்டுகள். மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தேன், ஆறு கன்றுகள் நின்றன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கப்புகளைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சந்தையில் மரக்கறி விற்கும் கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்கார ஐயா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “உள்ளுக்க வளந்த கன்று, மௌலவி. வெயிலையும் காத்தையும் காட்டிப் பழக்காமல் நட்டால் நிக்குமே?” என்றார்.

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. நிழலில் வளர்ந்த கன்று வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக நீளும், தண்டு மெலிந்திருக்கும். அதன் இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சும் மெல்லியது. திடீரென வெயிலும் காற்றும் பட்டால், வேர் உறிஞ்சுவதை விட வேகமாக இலை நீரை இழந்துவிடும். சிறிது சிறிதாகப் பழக்கினாலோ இலை தடிக்கும். காற்றில் ஆடி ஆடித் தண்டு உரம் பெறும். கனடாவில் இருக்கும் நம் உறவினர்களும் இதையே செய்கிறார்கள். அவர்களுக்குப் பகை உறைபனி. யன்னலோரம் வளர்த்த கன்றைப் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்கி, டொரொன்டோ பக்கத்தில் மே மாதக் கடைசியில்தான் நிலத்தில் நடுகிறார்கள்.

பழக்கும் முறை இதுதான். முதல் இரண்டு நாளும் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு மர நிழலுக்கு மாற்றுங்கள். மூன்றாம், நான்காம் நாள் காலையில் இரண்டு மூன்று மணி நேரம். அஸருக்குப் பின் மஃரிப் வரை மீண்டும் வெயில். ஐந்தாம், ஆறாம் நாள் பதினொரு மணி வரையும் அஸருக்குப் பிறகும். ஏழாம் நாள் முழுப் பகலும் வெளியே இருக்கட்டும். லுஹர் நேரத்தில் மட்டும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அன்றிரவும் வெளியிலேயே விடலாம். இடையில் கன்று வாடினால் ஒரு நாள் பின்னுக்குப் போங்கள். பலத்த காற்று வீசும் நாளில் உள்ளே எடுங்கள். இந்த நாட்களில் தண்ணீரைச் சற்றுக் குறைக்க வேண்டும். மேல் மண் காயலாம், ஆனால் கன்று சோரக் கூடாது. யூரியா போடவே வேண்டாம். அது இளந்தளிரைத் தள்ளும். தளிர்தான் முதலில் கருகும்.

நடுவது எப்போதும் அஸருக்குப் பிறகு. இரவு முழுவதும் கன்று ஆறுதல் பெறும். முதலில் கப்பில் தண்ணீர் விட்டு, மண் உடையாமல் கவிழ்த்து எடுங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். இலை ஒன்று போனால் வேறொன்று வரும். தண்டு நசுங்கினால் கன்றே போய்விடும். மிளகாயையும் கத்தரியையும் கப்பில் இருந்த ஆழத்திலேயே வையுங்கள். தக்காளியைச் சற்று ஆழப் புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாய்க்கு ஒன்றரை அடி, தக்காளிக்கு இரண்டு அடி, கத்தரிக்கு இரண்டரை அடி இடைவெளி போதும். மூன்று நாளைக்குக் கிடுகுத் துண்டோ வாழை மடலோ சாய்த்து நிழல் கொடுங்கள். வெண்டி, பயற்றை, பாகல் போன்றவற்றுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். அவை வேர் அசைவதை விரும்பாதவை, நேரே பாத்தியில் விதையுங்கள்.

வுழூச் செய்த தண்ணீர் வீணே ஓடாமல் பாத்திக்குப் போக ஒரு வாய்க்கால் வெட்டி விடலாம். ஆனால் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், முதல் வாரங்களில் பிடித்து வைத்த மழைநீரையே விடுங்கள்.

ஐயா சொன்ன வார்த்தை பல நாள் என் மனதில் கிடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. நமக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். உம்மா கிணற்றடியில் கத்தரி விதை போட்டிருந்தார். முளைத்ததா என்று பார்க்க நாங்கள் இருக்கவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வயதானவர்கள் பலர் நோயென்று எதுவும் இல்லாமலே வாடிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பினோம். பெரியவர்களுக்கு இது சொந்த மண். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கோ இது புது இடம். வந்த புதிதில் என் மகள், “வீட்டுக்கு எப்போ போறது?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். “இதுதான் வீடு” என்று அதட்டுவேன். நமக்கு ஒருவரும் தராத அவகாசத்தை என் பிள்ளைக்கு நானும் கொடுக்கவில்லை என்பது அந்த மிளகாய்க் கன்றுகள் செத்த பிறகே எனக்கு உறைத்தது. தாய்மார்களே, புதுப் பாடசாலைக்கோ விடுதிக்கோ போகிற பிள்ளை முதல் வாரம் அழுதால் அதைப் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். கன்று பழகுகிறது.

அடுத்த தையில் மனைவி மறுபடியும் நாற்பது கப்புகளில் விதை போட்டார். காலையில் வெளியே வைப்பதும் நிழலுக்கு எடுப்பதும் மகளின் பொறுப்பு. ஏழாம் நாள் அஸருக்குப் பிறகு தாயும் மகளுமாக நட்டார்கள். நான் தண்ணீர் மட்டும் அள்ளிக் கொடுத்தேன். முப்பத்தேழு கன்றுகள் பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ்.