முத்திரை யாருடையது?

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். மூதாதையர் விட்டுச் சென்ற திராட்சைத் தோட்டத்தை மன்னனுக்குக் கொடுக்க மறுத்த குடியானவன் ஒருவன் கல்லால் எறிந்து கொல்லப்படுகிறான். அக்கொலையை நிறைவேற்றியவர்கள் யார்? பொய்ச்சான்று கூறியவர்கள் இருவர். வழக்கை நடத்தியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். திட்டம் தீட்டி மடல் எழுதியவள் ஈசபேல். மன்னன் ஆகாபோ முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தான். அவன் ஒரு கல்லையும் எடுக்கவில்லை. ஆயினும் ஆண்டவரின் வாக்கு எலியாவுக்கு அருளப்பட்டபோது, அவர் கல்லெறிந்தவர்களைத் தேடிப் போகும்படி பணிக்கப்படவில்லை. நேரே ஆகாபிடம் அனுப்பப்பட்டார். காரணம் ஒன்றே. அந்த மடல்களின் மேல் இருந்தது ஆகாபின் முத்திரை.

இந்த விவிலிய நீதியை நம் தருமபுரி மாவட்டத்தின் வரலாற்றின் மீது வைத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஏனெனில், நம் மண்ணில் நடந்த கொடுமைகளுக்குக் கல்லெறிந்தவர்களை நாம் கண்டோம். முத்திரையிட்டவர்களை இன்னும் காணவில்லை.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த் துறையினர் எனப் பெரும் படையே அவ்வூருக்குள் நுழைந்தது. ஆண், பெண், முதியவர், குழந்தை என்ற வேறுபாடின்றி மக்கள் அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன; கிணறுகள் பாழாக்கப்பட்டன. பெண்கள் அரூர் வன அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். வன்கொடுமைக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாகச் சிறைபுகுந்தனர் என்பதை நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசுத் தரப்பு அனைத்தையும் மறுத்தது. ஆனால் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் சார்பில் நேரில் சென்று விசாரித்த அதிகாரி பாமதி, மக்கள் சொன்னதே மெய் என்று எழுதினார். மார்க்சிஸ்ட் பொதுவுடைமைக் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றப் படிகளை விடாமல் ஏறின. 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு ஊர்ந்து முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர்நீதிமன்ற நீதியரசர் வேல்முருகன் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்கு நேரில் சென்று ஊரைப் பார்வையிட்டார்.

இது நீதியின் வெற்றி என்பதில் ஐயமில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் அஞ்சாமல் சாட்சி சொன்ன அந்த ஏழைப் பெண்களின் முன் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் நம் கேள்வி அங்கே முடிவதில்லை; அங்கேதான் தொடங்குகிறது.

குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்ட 215 பேரில் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், ஐவர் வருவாய்த் துறையினர். மூன்று தனித்தனித் துறைகள். மூன்றுக்கும் தனித்தனி மேலதிகாரிகள், தனித்தனி அமைச்சகங்கள். இம்மூன்றும் ஒரே நாளில் ஒரே ஊரின் மேல் தாமாகவே வந்து விழுந்தனவா? வண்டிகள் தாமே புறப்பட்டனவா? ஒரு காவலர் வெறிபிடித்து ஒருவரை அடித்தார் என்றால் அது தனிமனிதக் குற்றம் என்று கொள்ளலாம். மூன்று துறைகள் அணிவகுத்துச் சென்றால் அது அரசின் செயல். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே உயரதிகாரிகள் அன்றைய அரசின் துணையோடு இந்த நாடகத்தை நடத்தினர் என உயர்நீதிமன்றமே கண்டித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. நீதிமன்றத்தின் விரல் அவ்வளவு உயரம் சுட்டியது. அதற்கும் மேலே இருந்தவர்கள்? குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் ஓர் அமைச்சர்கூட இல்லை.

வாச்சாத்தி தனித்த நிகழ்ச்சியும் அன்று. 1980-இல் தருமபுரி, வடார்க்காடு மாவட்டங்களில் நக்சலைட்டுகள் எனக் கூறப்பட்ட இளைஞர் பலர், 'மோதல்' என்ற பெயரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் வீரப்பன் தேடுதல் வேட்டை வந்தது. தமிழக, கர்நாடக அதிரடிப்படையினர் மலையோர மக்களைப் பிடித்துச் சென்று மாதேஸ்வரன் மலையில் வைத்து வதைத்தனர். அந்த வதைக்கூடத்துக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர்! மனித உடலைப் பழுது பார்க்கும் பட்டறை போலும்! தடா சட்டத்தின் கீழ் மைசூரில் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியவர்களுள் பெரும்பாலோரை 2001-இல் நீதிமன்றம் விடுவித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதியரசர் சதாசிவா குழு மக்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. அதன் அடிப்படையில் 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

2004 அக்டோபர் 18 அன்று நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆட்சியாளர்கள் அதனைத் தங்கள் சாதனை என்றே அறிவித்தனர். அதிரடிப்படையினருக்குப் பரிசுத் தொகையும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன. நன்று, படையின் வெற்றி அரசின் வெற்றி என்றால், படையின் குற்றம் மட்டும் யாருடைய குற்றம்? மாலைக்குக் கழுத்தை நீட்டியவர்கள் பழிக்கு மட்டும் முதுகைக் காட்டலாமா? இக்கேள்வியை நாம் ஒரு கட்சியை நோக்கி மட்டும் கேட்கவில்லை. 1992-க்குப் பின் இரு பெரும் கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. எதிர்க்கட்சியாக இருந்தபோது மனித உரிமை பேசியவர்கள், ஆளுங்கட்சியானபோது காவல்துறையின் மன உறுதி குலைந்துவிடும் என்று பேசியதை நாம் கேட்டிருக்கிறோம்.

இழப்பீடுதான் கொடுத்தாயிற்றே என்பார்கள். கத்தோலிக்கர்களாகிய நமக்கு இதற்கு விடை தெரியும். ஒப்புரவு அருளடையாளத்தில் மனத்துயரும் வேண்டும், பாவ அறிக்கையும் வேண்டும், பரிகாரமும் வேண்டும். பாவத்தை அறிக்கையிடாமல் பரிகாரத் தொகையை மட்டும் உண்டியலில் போட்டுவிட்டு ஒருவர் வெளியேறினால், அவர் மன்னிப்புப் பெற்றவர் ஆகமாட்டார். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, தாம் ஏமாற்றியதை எல்லாருக்கும் முன்பாக எழுந்து நின்று சொன்னார். அரசு பணம் தருவது போதாது. அது எழுந்து நிற்க வேண்டும்.

மன்னிப்பதன்றோ கிறிஸ்தவம், பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என நம்மவர் சிலர் கேட்பதுண்டு. மன்னிக்கும் உரிமை புண்பட்டவருக்கே உரியது. வாச்சாத்திப் பெண்கள் மன்னிக்கலாம். அவர்கள் சார்பில் நாம் மன்னிக்க முடியாது. குற்றமிழைத்த அரசு தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டுட்டுவின் தலைமையில் இயங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்கூட, உண்மையை முழுவதும் ஒப்புக்கொண்டவர்களுக்கே பொதுமன்னிப்பு வழங்கியது. அர்ஜென்டினா இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் போகச் செய்த இராணுவ ஆட்சியின் தலைவர்களையே 1985-இல் கூண்டில் ஏற்றி, விதேலாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே நாட்டில் வதைமுகாம்களுக்குத் துணைபோன குரு ஒருவரும் 2007-இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஆனால் சிலி நாட்டில் கர்தினால் சில்வா என்ரிக்கேஸ், காணாமல் போனோரின் குடும்பங்களுக்காக 1976-இல் தம் மறைமாவட்டத்திலேயே தோழமை அலுவலகத்தைத் திறந்தார். திருச்சபைக்கு முன் எப்போதும் இந்த இரு வழிகளே உள்ளன.

இலங்கையில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் எந்த வழியைத் தேர்ந்தார் என்பதை நாம் அறிவோம். கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று 2011-இல் அரசின் ஆணைக்குழு முன்னிலையிலேயே அவர் கேட்டார். 2009 மே மாதம் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் திரும்பி வரவில்லை. காணாமல் போக்கப்பட்டவரின் மனைவி சுமங்கலியும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள். அவளுக்கு இறப்புச் சான்றிதழும் இல்லை, கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற இடமில்லாத துயரம் அது.

நம் நாடு சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இலும், வலிந்து காணாமல் போக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையில் 2007-இலும் கையெழுத்திட்டது. இரண்டையும் உறுதி செய்து சட்டமாக்க முன்வரவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. அதன் விலையை 2020-இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கொடுத்தனர். 2025-இல் திருப்புவனம் காவலில் ஓர் இளைஞர் கொடுத்தார்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. சட்டமன்றத்தில், அரசின் பெயரால், வாச்சாத்திக்கும் அதிரடிப்படையின் வதைக்கும் பொறுப்பேற்று முறையான அறிக்கை வைக்கப்பட வேண்டும். பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். கட்டளையிட்டவரையும், அறிந்தும் தடுக்காதவரையும் குற்றவாளியாக்கும் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் வேண்டும். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர் எக்கட்சியினராயினும், சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்பதோடு இம்மூன்றையும் பொதுநிலையினர் கேட்க வேண்டும்.

இது அரசியல், கோவிலுக்குள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், உடல் உள்ள வதைகளைப் படைத்தவரின் மாண்புக்கே இழுக்கு எனக் கண்டித்துள்ளது. அதற்கும் மேலாக, ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று அறிக்கையிடும் விசுவாசத்தை நினைத்துப் பார்ப்போம். சாட்டையால் அடித்த படைவீரனின் பெயர் அதில் இல்லை. ஆணி அறைந்தவனின் பெயரும் இல்லை. கையைக் கழுவிக்கொண்ட ஆளுநரின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை பிலாத்துவின் பெயரை மறக்கவில்லை. நம் மண்ணின் பிலாத்துகளின் பெயரை மட்டும் நாம் ஏன் மறக்க வேண்டும்?