கடினம் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

கடினமான பொருள் தேயாது என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது பாதி உண்மையே என்பதைப் பட்டறையில் பயன்படும் ஒரு சிறு வெட்டுமுனை நமக்குக் கற்பிக்கிறது.

கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடையும் பட்டறை ஒன்றில் என் தந்தையார் லேத் ஓட்டுகிறார். எஃகைச் சீவும் கார்பைடு முனையை அங்கே ‘டிப்’ என்பார்கள். சில டிப்புகள் பொன்னிறமாக மின்னும். அது பொன் அன்று. டைட்டானியம் நைட்ரைடு என்னும் பூச்சு. அதன் தடிப்பு மூன்று நான்கு மைக்ரான்களே. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. கடினமோ விக்கர்ஸ் அளவையில் 2000-க்கு மேல்! கடினப்படுத்திய எஃகுகூட 800 அளவில்தான் நிற்கிறது.

இத்துணைக் கடினம் இருந்தும் அப்பூச்சு ஏன் அழிகிறது? வெப்பமே முதற்காரணம். எஃகை வேகமாக வெட்டும்போது முனையில் 800 டிகிரி செல்சியசுக்கு மேலும் வெப்பம் எழக்கூடும். டைட்டானியம் நைட்ரைடோ 550 டிகிரி அளவிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக 1980களில் அறிவியலார் கண்ட வழி, பூச்சில் அலுமினியத்தைச் சேர்ப்பது. மென்மையான அலுமினியம் கடினத்தைக் கூட்டுமா என்று வியக்கலாம். டைட்டானியம் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் அளவிற் சிறிய அலுமினிய அணுக்கள் அமரும்போது படிகம் இறுகுகிறது. சூடேறினால் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலம் தோன்றி, ஆக்சிஜன் உள்ளே புகாமல் காக்கிறது. எனவே ஏறத்தாழ 800 டிகிரி வரை பூச்சு தாங்குகிறது. எனினும் அளவு மிஞ்சலாகாது. உலோக அணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் அலுமினியம் ஆனால், கனசதுரப் படிக அமைப்பு மாறிக் கடினம் குறைந்துவிடும்.

இவ்வளவு அரிய செய்தி, டிப்பைக் கையில் பிடிக்கும் தொழிலாளியைச் சென்று சேர்ந்ததா என்பதே என் கேள்வி. பொன்னிறமே உயர்ந்தது என்று நம்புவோர் பட்டறைகளில் இன்றும் உளர். அலுமினியம் கலந்த பூச்சோ கருநீலச் சாம்பல் நிறம். மெதுவாக ஓடும் பழைய லேத்துக்கு அதனால் பெரும் பயன் இல்லை. அலுமினியத்தைக் கடையும் வேலைக்கு அது ஏற்றதும் அன்று, உலோகம் முனையில் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாத டிப் விரைவில் மழுங்கினால், “கைவேலை சரியில்லை” என்று பழி தொழிலாளி மேல் விழுகிறது. அவரிடம் மறுமொழி இல்லை.

இது பொறியியலார் வேலை, கலைக்கல்லூரி மாணவனுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். படிக அமைப்பும் ஆக்சிஜனேற்றமும் நம் பாடத்தில் இருப்பவை அல்லவா? தேர்வுத்தாளோடு அவை முடிந்துபோக வேண்டுமா?

நம் அறிவியல் துறைகள் அருகிலுள்ள பட்டறைகளிலிருந்து தேய்ந்த டிப்புகளை வாங்கி வந்து, நுண்ணோக்கியில் வைத்து மாணவர்க்குக் காட்ட வேண்டும். எந்த உலோகத்துக்கு, எந்த வேகத்துக்கு, எந்தப் பூச்சு என்று இரண்டே பக்கத்தில் தமிழில் எழுதிப் பட்டறைகளுக்குத் தர வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை; மனம் வேண்டும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். நம்மைப் படிக்க வைத்த கைகள் செய்யும் தொழிலைப் பற்றி அவர்களுக்கே விளக்கிச் சொல்ல நம்மால் இயலாவிடில், நாம் பெறும் பட்டம் யாருக்குப் பயன்படும்? மாணவ நண்பர்களே, சிந்திப்பீர்!