குரு என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

சங்கீத சபைகளிலும் நாட்டியக் கல்லூரிகளிலும் நடப்பதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தென்கரையில் நாற்று நடும் பெண்ணுக்கும், தேனிப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் சைடு பார்க்கும் பெண்ணுக்கும் சென்னைத் திருவான்மியூர் வெகு தூரம்தான். மியூசிக் அகாடமியில் டிக்கெட் என்ன விலை என்று நம்மில் எவரும் விசாரித்ததுகூடக் கிடையாது. ஆனால் அங்கே பிராது சொன்ன பெண்களை நிர்வாகம் எப்படி நடத்திற்று என்று படித்தால், இது நம் ஆலைக் கதையாயிற்றே என்று எந்தத் தொழிலாளிக்கும் தோன்றும்.

நடந்தது இதுதான். 2018 அக்டோபரில் நாடெங்கும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். கர்நாடக சங்கீத உலகிலும் பெரிய வித்வான்கள் சிலர் மீது புகார் எழுந்தது. இருநூறுக்கு மேற்பட்ட சங்கீதக் கலைஞர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். 1928-ல் ஏற்பட்ட சென்னை மியூசிக் அகாடமி, என். முரளி தலைவராக இருந்த அந்த ஆண்டு, டிசம்பர் கச்சேரிப் பட்டியலிலிருந்து ஏழு பேரை நீக்கியது. அதுவரை வாயே திறக்காத சபை உலகில் இது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது விசாரணை ஆகிவிடுமா? புகார் சொன்ன பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததா? புகாருக்கு ஆளானவர் குற்றவாளியா நிரபராதியா என்பதாவது தெரிந்ததா? இரண்டும் இல்லை. ஒரு சீசன் கழிந்தது; ரசிகப் பெருமக்கள் காண்டீனில் போண்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாண்டு கழித்து கலாக்ஷேத்திரம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் ஏற்படுத்திய ஸ்தாபனம் இது. சதிர் என்று பெயர் பெற்றிருந்த ஆட்டம், தலைமுறை தலைமுறையாக அதை ஆடிவந்த பெண்களின் கையிலிருந்து 'கௌரவமான' குடும்பங்களின் கைக்கு மாறிய காலம் அது. 1993-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டமே போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று இதை அறிவித்தது. மத்திய சர்க்காரின் கலாசார இலாகா பணம் கொடுக்கிறது. 2023-ல் அதன் தலைவராக இருந்தவர் டி.சி.எஸ். கம்பெனியின் முன்னாள் தலைமை நிர்வாக அதிகாரி எஸ். ராமதுரை. இத்தனை பெரிய மனிதர்கள் சூழ்ந்த இடத்தில் மாணவிகள் சொன்ன பேச்சு எங்கே ஏறும்?

ஏறவில்லை. வெறும் வதந்தி, ஆதாரம் இல்லை என்றது நிர்வாகம். தேசிய மகளிர் கமிஷன் முதலில் போலீசுக்குக் கடிதம் எழுதிற்று. சில நாளிலேயே பின்வாங்கிற்று. அதன் பிறகுதான், மார்ச் 30-ந் தேதி, மாணவ மாணவியர் வகுப்புக்குப் போகாமல் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நடனப் பயிற்சிக்குக் கட்டிய சேலையோடு மரத்தடியில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கல்லூரியை ஏப்ரல் 6 வரை மூடுவதாக அறிவித்து, விடுதியைக் காலி செய் என்றது. நாம் இதைக் கதவடைப்பு என்போம். நாட்டியம் தெரிந்த எஜமானுக்கும் பஞ்சாலை எஜமானுக்கும் கையில் இருப்பது ஒரே பூட்டுத்தான்!

பிள்ளைகள் காலி செய்யவில்லை. மாநில மகளிர் கமிஷன் தலைவி வந்து விசாரித்தார். சட்டசபையில் முதலமைச்சர் பதில் சொல்ல நேர்ந்தது. முன்னாள் மாணவி ஒருவர் கொடுத்த புகாரில் ஏப்ரல் 3-ந் தேதி உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். மேலும் மூன்று பேரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் கமிட்டி போட்டது. சில நாட்களுக்கு முன் 'வதந்தி' என்று சொன்னவர்கள்தான் இவர்கள். அடுத்த ஆண்டு, பல்லாண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்பட்ட விஷயத்தில் முன்னாள் ஆசிரியர் ஒருவரும் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பதைச் சாட்சியத்தை வைத்துக் கோர்ட்டுத்தான் சொல்ல வேண்டும். முன்கூட்டியே தீர்ப்பெழுதுவது நம் வேலையல்ல. ஆனால் பிராது கொடுத்தவர்களை வெளியே தள்ளப் பார்த்த நிர்வாகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டியதில்லை.

ஏன் இத்தனை ஆண்டு யாரும் பேசவில்லை? குருவை எதிர்த்துப் பேசினால் வித்தை வராது என்று பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். எந்த மேடை கிடைக்கும், யாருக்கு முக்கிய வேஷம், வெளிநாட்டுப் பயணத்துக்கு யாரைச் சேர்ப்பது, எல்லாம் ஒருவர் தலையசைப்பில் இருக்கிறது. வித்வான் வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்ளும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். ஹாஜர் பட்டியல் இல்லை, ரசீது இல்லை, கேட்க ஒரு சங்கம் இல்லை.

இப்போது நம் பக்கம் பாருங்கள். கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்களை மில் விடுதியில் அடைத்து, மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம் என்றார்கள். பணம் அவன் கையில், விடுதிச் சாவி அவன் கையில். மேஸ்திரி தப்பாக நடந்தால் அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்? 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அங்கே பெண் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் கம்பெனியும், துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் என்று ஆலைக்குள்ளேயே கண்காணிக்கும் பெண்களை நியமிக்கும் உரிமை அதில் கிடைத்தது. கலாக்ஷேத்திரத்தின் நிபுணர்களுக்கும் பிரமுகர்களுக்கும் தோன்றாத யோசனை, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தோன்றியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992-ல் ராஜஸ்தானில் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போன கிராம ஊழியர் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்தது 1997-ம் ஆண்டுச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. அதிலிருந்து வந்தது 2013-ம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணிடம், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், முதலாளி மீதே புகாரானாலும், மாவட்டத்தில் இதற்கென்று உள்ள கமிட்டிக்குப் போகலாம். தோட்டக் கூலிக்கும் இது உண்டு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி வேலைத் தலமே. ஆகவே விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புக்குள் நடப்பதும் இதில் அடங்கும். தோட்டம் கேரளத்தில் இருப்பதால் மனு இடுக்கிக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குத் தனியாக ஒரு பெண் கூலியாளை அனுப்பி வைத்தால் நடக்காது. சங்கத்திலிருந்து கூடவே ஆள் போக வேண்டும்.

கமிட்டியில் யார் யார் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கமிட்டி போடாத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பெரியகுளம், தேனி, ஆண்டிபட்டி வட்டாரத் தோழர்கள் அடுத்த கேட் கூட்டத்துக்கு முன் தங்கள் மில்லில் அந்த அறிவிப்பு இருக்கிறதா, அதில் உள்ள பெண்கள் தொழிலாளிகளா அல்லது ஆபீஸ் ஆட்கள் மட்டும்தானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரவும்.