முன்வரிசையில் பெயரில்லாதவர்கள்

பழைய புகைப்படங்களைப் பார்த்தால் நமக்கு மனம் இளகிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் ஒரு பள்ளத்தாக்கு, அடியில் ஆறு, ஆற்றோரம் புகைபோக்கிகள், செங்குத்தான சரிவில் படிப்படியாக ஏறும் கல் வீடுகள். "என்ன அழகு!" என்கிறோம். அந்த இளகலைத்தான் நான் சந்தேகிக்கிறேன். யாருடைய முதுகுவலி அந்த அழகுக்குள் மறைந்திருக்கிறது என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்டுவது பெண்களாகிய நமக்குக் கட்டுப்படியாகாது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், கால்டர் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஹெப்டன் பிரிட்ஜ். ஃபஸ்டியன் என்ற தடித்த பருத்தித் துணிக்குப் பெயர்போன ஊர். கார்டுராய் அந்தக் குடும்பத்துத் துணிதான். உழைப்பாளிகளுக்கான கால்சட்டைகள் இங்கே மலைமலையாகத் தைக்கப்பட்டன. சமதளம் குறைவு என்பதால் சரிவில் வீட்டின்மேல் வீடு கட்டினார்கள். கீழ்வீட்டுக்குக் கீழ்த்தெருவில் வாசல், மேல்வீட்டுக்கு மேல்தெருவில் வாசல். எதிர்மலையிலிருந்து எடுத்த படத்தில் இது கட்டடக்கலை அதிசயம். கீழ்வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்: பின்சுவருக்கு அப்பால் மலையின் மண், சன்னல் ஒரு பக்கம் மட்டும். பகல் முழுக்க ஆலை. பிறகு அந்த வெளிச்சமில்லாத அறைக்குள் சமையல், துவைப்பு, பிள்ளை வளர்ப்பு. கேமரா எதிர்மலையில் நின்றது. அடுப்பங்கரைவரை அது வரவில்லை.

ஆலைக்குள் எடுத்த படங்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அக்காலக் கேமராவுக்கு வேகம் போதாது. ஓடும் தறியும் அசையும் கையும் படத்தில் கலங்கிப்போகும். ஆகவே எல்லோரும் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். காது கேளாமல் போகுமளவுக்கு இரைந்த தறிக்கூடம் படத்தில் கோயில்போல் அமைதியாக இருக்கிறது. பஞ்சுத் தூசும் எண்ணெய் நாற்றமும் அதில் ஒட்டவில்லை. "அந்தக் காலத்து மக்கள் எவ்வளவு நிதானமாக வாழ்ந்தார்கள்" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். நிதானம் படம் எடுத்த அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது படக்குறிப்பு. ஆலை முதலாளிக்குப் பெயர் உண்டு, ஆலைக்குப் பெயர் உண்டு. முன்வரிசையில் ஏப்ரன் கட்டி நிற்கும் பெண்களுக்கோ பெரும்பாலும் "ஆலைப் பெண்கள்" என்ற ஒற்றைச் சொல்தான். அவர்களில் சிலர் சிறுமிகள். பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆலை என்ற முறைக்கு முடிவுகட்டும் சட்டமே 1918இல்தான் வந்தது. குழந்தை உழைப்பை "பழங்கால நினைவு" என்று சட்டம்போட்டு மாட்டுவது ரசனை ஆகாது, மறதிதான்.

அந்தப் பெண்கள் வாய்மூடி நின்றவர்களா? 1906இல் ஹெப்டன் பிரிட்ஜின் ஃபஸ்டியன் நெசவாளர்கள், ஆணும் பெண்ணுமாக, கூலிக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் 1908வரை நீண்டது. 1907இன் தொடக்கத்தில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அங்கே வந்தார். கூலிக் கோரிக்கையோடு வாக்குரிமைக் கோரிக்கையும் சேர்ந்தது. அதே ஊரின் உடைத் தையல் தொழிலாளி லவீனா சால்டன்ஸ்டால் அதே ஆண்டு லண்டனில் வாக்குரிமைப் போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்றார். தையல்காரி என்றால் கால்சட்டை தைத்து, பின்னல் பின்னி, கிடைத்த வாழ்வுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக் கிடக்கவேண்டும் என்ற ஊர் எண்ணத்தைத் தொழிலாளர் கல்வி இயக்கத்தின் இதழில் கிண்டலாக எழுதினார். ஏப்ரன் கட்டிய ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு வாய் இருந்திருக்கலாம். படக்குறிப்பு எழுதியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆலைதானே பெண்ணின் கையில் காசு கொடுத்தது?" என்று சில தோழிகள் கேட்பார்கள். கொடுத்தது, மறுக்கவில்லை. சொந்தக் கூலியும் தொழிற்சங்கமும் தோழமையும் அங்கே கிடைத்தன. ஆனால் விடுதலையைக் கொடுத்தது ஆலை என்று சொன்னால் நன்றி முதலாளிக்குப் போய்விடும். கூலியை உயர்த்தக் கேட்டுத் தெருவில் நின்றவர்கள் அந்தப் பெண்கள். 1918இல் வாக்குரிமை வந்தபோதும் முப்பது வயதும் சொத்துத் தகுதியும் கேட்டார்கள். இளம் தறிக்காரிகள் 1928வரை காத்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் படம் காட்டாது.

கேமராவுக்குப் பின்னாலும் ஒரு பெண் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆலிஸ் லாங்ஸ்டாஃப் சிறுவயதில் ஹெப்டன் பிரிட்ஜின் புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அதைத் தாமே நடத்தினார். அவர் கட்டிக்காத்த கண்ணாடித் தகடுகளும் படங்களும்தான் இன்று அந்த ஊரின் நினைவில் பெரும்பங்கு. ஊர் தன் பழமையைக் கொண்டாடும்போது ஒரு பெண்ணின் பல பத்தாண்டு உழைப்பையும் சேர்த்தே கொண்டாடுகிறது.

படத்தின் ஓரத்துக்கு வெளியே இன்னும் பலர் இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பருத்தி விளையாது. 1861வரை இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. உள்நாட்டுப் போரில் அது நின்றபோது இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. நம் திருநெல்வேலிப் பருத்தியும் கப்பலேறியது. கரிசல் காட்டில் குனிந்து பஞ்செடுத்தவளை யாரும் படம் எடுக்கவில்லை. அவளும் அந்த ஆலையின் தொழிலாளிதான்.

இன்று அந்த ஊர் சுற்றுலா ஊர். பழைய படங்கள் அஞ்சலட்டையாக விற்கின்றன. வாங்குங்கள், பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாணவிகளே, ஒரு பழைய படம் கையில் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எடுக்கச் சொன்னது யார்? பெயர் எழுதப்பட்டது யாருக்கு? படம் எடுத்து முடிந்ததும் இந்தப் பெண் எந்த வேலைக்குத் திரும்பினாள்? மூன்றாவதற்கு விடை தேடத் தொடங்கினால் அந்தப் படம் அலங்காரப் பொருளாக இருக்காது, சாட்சியாக மாறும்.