ஒரே கோழி, இருவேறு அளவு



மட்டாஞ்சேரியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்குச் சிறுநீரக வியாதி என்று அறிந்தவுடன், இரண்டு காரியங்களில் ஒன்று நடக்கிறது. "பெலன் வேண்டுமே" என்று தினமும் கோழி சூப் கொடுக்கிறார்கள். அல்லது இனிக் கோழியே ஆகாதென்று அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் அன்பினால் செய்யப்படுகிறவைதான். ஆனால் வியாதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியாமல் செய்தால், இரண்டுமே தீங்காய் முடியும்.

டயாலிசிஸ் தொடங்காதவர்களை முதலில் கவனியுங்கள். நாம் உண்ணும் புரதத்திலிருந்து உண்டாகும் யூரியா போன்ற கழிவுகளைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். ஆகையால் அது தளர்ந்துபோனவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள் முழுவதற்கும் 36 முதல் 48 கிராம். வேகவைத்த 100 கிராம் கோழிக்கறியிலேயே, எலும்பு நீங்கலாக, ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. சோறு, பருப்பு, மீன், பால் ஆகியவற்றிலும் உண்டு. எனவே இவர்களுக்குச் சிறு துண்டே போதுமானது.

டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவர்களின் காரியம் வேறு. ஒவ்வொரு முறையும் இரத்தத்திலிருந்து கழிவோடு புரதத்தின் கூறுகளும் வெளியேறிவிடுகின்றன. இவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் தேவை. அதே 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். முந்தின பத்தியத்தையே இவர்கள் தொடர்ந்தால் தசை கரைந்து, சரீரம் மெலிந்து, தொற்றுநோயை எதிர்க்கும் பெலன் குன்றிப்போகும். இவர்களுடைய தட்டிலிருந்து கோழியை எடுத்துவிடாதிருங்கள்.

சமைக்கும் முறை இருசாராருக்கும் ஒன்றே. தோலை நீக்குங்கள், ஈரலைத் தவிருங்கள், அதில் பாஸ்பரஸ் மிகுதி. கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஓரளவு குறையும். அந்த நீரையே சூப்பாகக் குடித்தால் பயனில்லை. உப்பைக் குறைத்து, மிளகு, இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலையால் சுவை கூட்டுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், மருத்துவரைக் கேளாமல் வாங்காதிருங்கள். நக்கெட்ஸ், சாசேஜ் போன்றவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் எளிதில் இரத்தத்தில் கலந்து, நாளடைவில் எலும்பையும் இரத்தக்குழாயையும் கெடுக்கும்.

ஆராதனைக்குப்பின் நடக்கும் அன்பின் விருந்தில் பரிமாறுகிறவர்களே, "இன்னும் ஒரு துண்டு" என்று இவர்களை வற்புறுத்தாதிருங்கள். உப்புக் குறைந்த கறியைத் தனியே எடுத்துவைப்பதும் ஓர் உபசரிப்பே.

2023 நவம்பரில் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில், ஒரு தாயின் சிறுநீரகம் அவருடைய மகனுக்குப் பொருத்தப்பட்டது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் இது நடந்தது நம் தேசத்திலேயே அதுவே முதல்முறை. சிகிச்சை நமக்கு அருகில் வந்திருக்கிறது. அனுதின ஆகாரமோ நம் வீட்டாரின் கையில் இருக்கிறது. அடுத்தமுறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காண்பித்து, "நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம்?" என்று கேட்டு எழுதி வாங்கி, அதை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.