இரண்டாவது கயிறு

2022 ஏப்ரல் 10ஆம் திகதி, இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், தேவ்கர் நகருக்கு அண்மையிலுள்ள திரிகூட மலையில் கேபிள் கார்கள் விபத்துக்குள்ளாகி நடுவழியில் நின்றுபோயின. உள்ளே சிக்கியவர்களை மீட்டு முடிக்க நாற்பது மணித்தியாலங்களுக்கு மேலாயிற்று. மாண்டவர்கள் மொத்தம் மூவர். அவர்களுள் இருவர் காப்பாற்றப்படும்போதே மாண்டவர்கள். ஒருவர் ஹெலிகொப்டரின் வாசலை எட்டிய நிலையில் வீழ்ந்தார். மறுநாள் ஒரு பெண்மணி, கயிறு அறுந்து வீழ்ந்தார்.

இத்தகைய செய்திகள் எவ்வாறு எழுதப்படும் என்பது, நாளேடுகளில் காலம் கழித்த எனக்குத் தெரியாததன்று. வீரம், தியாகம், துரதிர்ஷ்டம் ஆகிய மூன்று சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அங்கே பலரின் உயிரைக் காத்த படைவீரர்களின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கயிறு அறுவதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கயிற்றின் துணையுடன் மனிதரை இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் உள்ள நெறி எளிமையானது. இரண்டு கயிறுகள், அவை தனித்தனியே இரண்டு இடங்களில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று சுமையைத் தாங்கும். மற்றது கூடவே வந்து, முதற்கயிறு கைவிட்டால் பிடித்துக்கொள்ளும். பிரித்தானியாவில் உயரத்தில் வேலைசெய்வோருக்கான 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், இரண்டாவது கயிறே கூடுதல் ஆபத்தாகும் சந்தர்ப்பம் நீங்கலாக, இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. கயிறு வலுவற்றது என்பதன்று இதற்குக் காரணம். 11 மில்லிமீற்றர் தடிப்புள்ள மீட்புக் கயிறு, புதிதாக இருக்கையில், ஏறத்தாழ மூன்று தொன் எடையைத் தாங்கும். ஆனால் ஒரு முடிச்சுப் போட்டதும் அப்பலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடும். பாரத்துடன் இறுகி நிற்கும் கயிறு, கூரான பாறை விளிம்பிலோ தகரத்தின் ஓரத்திலோ உராயுமானால் எஞ்சிய பலத்தையும் நம்புவதற்கில்லை. விளிம்பில் ஒரு தடித்த துணியை மடித்து வைப்பதற்கு எத்தனை நொடி செல்லும்?

ஹெலிகொப்டரின் கதை வேறு. அதிலிருந்து இறங்குவது பொதுவாக ஒரேயொரு உருக்குக் கம்பிவடம். இரண்டாவது அங்கே இல்லை. போதாக்குறைக்கு, அக்கம்பிவடம் எதிலாவது சிக்கி ஹெலிகொப்டருக்கே ஆபத்து நேருமானால் உடனே அதனை வெட்டிவிடுவதற்கான பொறியும் பொருத்தப்பட்டிருக்கும். (இதைத் தொலைக்காட்சியில் யாரும் சொல்வதில்லை.) விமானிகளின் உயிரையும் எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, குறைகூறமுடியாது. வெள்ளத்திலும் நடுக்கடலிலும் ஹெலிகொப்டருக்கு மாற்றில்லை என்பதும் உண்மை. ஆனால் கேபிள்கள் ஓடும் பள்ளத்தாக்கில் அது முதல் தெரிவாக இருக்கலாமா?

2023 ஓகஸ்ட் 22ஆம் திகதி, பாக்கிஸ்தானின் பட்டகிராம் மாவட்டத்தில், பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் உட்பட எண்மர், கேபிள் அறுந்ததால் சுமார் 900 அடி உயரத்தில் தொங்கினர். ஹெலிகொப்டர் நெருங்கியபோது அதன் காற்றே பெட்டியை ஆட்டியது. இருட்டியதும் ஹெலிகொப்டர்கள் திரும்பிவிட்டன. எஞ்சியோரை மீட்டவர்கள், அறுபடாதிருந்த கேபிளிலே உருளையைப் பூட்டி ஊர்ந்துசென்ற கயிற்று வல்லுநர்கள். எண்மரும் உயிருடன் திரும்பினர்.

இத்தகையோரை அரசுகள் விபத்து நடந்தபின்னரே தேடிப்பிடிக்கின்றன. மாவட்டந்தோறும் பயிற்சிபெற்ற ஒரு சிறு கயிற்றுக் குழுவை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, ஹெலிகொப்டருக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று. ஆயினும் கயிறு வாங்குவதற்கு எந்த அமைச்சர் நாடா வெட்டப்போகிறார்!

எமது நாட்டிலும் 2025 செப்டெம்பரில், மெல்சிரிபுர நா உயன ஆரணியத்தில், கேபிளால் இழுக்கப்பட்ட வண்டி கட்டறுந்து பௌத்த துறவிகள் பலர் உயிரிழந்தனர். மனிதரைத் தூக்கும் சாதனங்களை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தகுதிவாய்ந்தவர் பரிசோதிக்க வேண்டும் என்பது பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டிலிருந்தே பொதுவிதி. இங்கும் அவ்வாறு ஒரு விதி வரட்டும். மீட்புக் குழுக்களின் களஞ்சியங்களையும் அது கட்டுப்படுத்தட்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: எப்போது வாங்கியது, எத்தனை தடவை பயன்பட்டது, எப்போது வீழ்ச்சியைத் தாங்கியது என்று. கழித்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால், எங்கள் ஊர் வழக்கப்படி, அது இன்னொரு களஞ்சியத்திலே புதுக்கயிறாகிவிடும்.