விளக்கை அணைத்த தெரு

பதின்வயதினரைக் கத்தியும் கையுமாகத் துரத்திக் கொல்லும் 'ஸ்லாஷர்' படங்கள் பழைய காலத்து உடுப்புகளைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்திருக்கின்றன. இவற்றின் கவர்ச்சிக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. பயத்தைத் திரையில் கொட்டிவிட்டு மனம் லேசாகி வீடு திரும்புகிறான் ரசிகன் என்பது ஒன்று. பி.ஏ. வகுப்பில் அரிஸ்டாட்டிலுக்கு எழுதிக்கொண்ட நோட்ஸை எதன்மேலும் ஒட்டிவிடுகிற சோம்பேறித்தனம் இது. உறவுகொள்கிற பெண் சாகிறாள், கன்னி பிழைக்கிறாள், ஆகவே இது ஒழுக்கப் பிரசாரம் என்பது மற்றது. இதற்குச் சாட்சியாக கரோல் க்ளோவரைக் கூப்பிடுகிறார்கள். 1987இல் 'கடைசிப் பெண்' என்ற பிரயோகத்தை உண்டாக்கிய க்ளோவர் கேட்டதோ, ஆண் ரசிகன் ஒரு பெண்ணின் பயத்துக்குள் எப்படிப் புகுந்துகொள்கிறான் என்ற சங்கடமான கேள்வியை. அவரைப் படித்தவர்களைவிட அவர் பெயரைப் படித்தவர்களே அதிகம்.

இரண்டு விளக்கங்களுமே படத்தைப் பார்ப்பதில்லை. ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) படத்தில், கொலைகாரனிடமிருந்து தப்பி ஓடும் லாரி ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் மறைப்பை விலக்கி யாரோ பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. சில விநாடிகள்தான். முகமூடியும் கத்தியும் எனக்கு ஒருநாள் மறந்துபோகலாம், அந்த விளக்கு மறக்காது. பெற்றோர்கள் பத்திரத்துக்காகவே தேடிக் குடிபுகுந்த தெரு அது. புல்வெளி, மரநிழல், வரிசை வீடுகள். அந்தப் பத்திரம் பொய் என்பதுதான் படம். 'வெள்ளிக்கிழமை 13' (1980) என்னும் மட்டமான படத்தில்கூட, பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்க்காததால் ஒரு பையன் ஏரியில் மூழ்கினான் என்பதுதான் கதையின் வேர். வெஸ் க்ரேவனின் 'எல்ம் தெருவில் ஒரு கொடுங்கனவு' (1984) இன்னும் அப்பட்டம். பெற்றோர்கள் கூடி ஒருவனை எரித்துவிட்டு மூடி மறைக்கிறார்கள். அவன் பிள்ளைகளின் தூக்கத்துக்குள் வருகிறான். நான்ஸியின் தாய் செய்யும் ரட்சிப்பு, ஜன்னல்களுக்குக் கம்பி அடித்துக் கதவைப் பூட்டிவிட்டுக் குடிப்பது. ஆக, இந்தப் படங்களின் பயம் பெரியவர்களைப் பற்றியது. அவர்கள் இருக்க மாட்டார்கள், இருந்தால் பொய் சொல்வார்கள்.

இன்றைய ஏக்கப் படங்கள் செய்கிற காரியம் என்ன? அதே தெருவுக்குப் போகின்றன, அதே ஆண்டுகளுக்குப் போகின்றன, போய் அந்தத் தெருவைக் காதலிக்கச் சொல்கின்றன. வாக்மேன், ஒலிநாடா, சுருள் கம்பி வைத்த டெலிபோன், பாட்டுக்கு மேல் பாட்டு. 'இங்கே வாழ்ந்திருக்கக் கூடாதா' என்று, அந்த வருஷங்களில் பிறந்தேயிராத பையன் ஏங்குகிறான். அவனை நான் பரிகசிக்க மாட்டேன். அவன் ஏங்குவது வாக்மேனுக்கு அல்ல. நான்கு மணி நேரம் யாராலும் கூப்பிட முடியாத ஓரிடத்தில் இருப்பதற்கு. சட்டைப்பையில் இருக்கும் போன் அவனுக்கு அதைத் தராது. ஆனால் அந்தத் தனிமையின் மறுபக்கம்தானே அணைந்த விளக்கு? கூப்பிட முடியாதவனால் உதவிக்குக் கூப்பிடவும் முடியாது. முதல் பாதியை விற்று இரண்டாம் பாதியை அலங்காரமாக்குவதுதான் இந்த வியாபாரம்.

இதில் ஒரு வேடிக்கை. 'ஹாலோவீ'னின் அந்தப் புகழ்பெற்ற இலையுதிர் காலமே போலி. கதை இல்லினாயில், மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் படம் பிடித்தது கலிஃபோர்னியாவில், வசந்தத்தில். சருகுகளுக்கு வர்ணம் பூசித் தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்கு மறுபடி இறைத்தார்கள். அந்தச் சருகுக்குத்தான் இன்று கோடி கோடியாகப் பிரதி எடுக்கிறார்கள். கார்ப்பென்டருக்கு அது ஒரு தேவை. இவர்களுக்கு அது மூலவிக்கிரகம்.

லீ ஜானியாக்கின் 'ஃபியர் ஸ்ட்ரீட்' (2021) பற்றி நல்லதாக ஒன்று சொல்லியாக வேண்டும். 1994, 1978, 1666 என்று பின்னோக்கிப் போகிற அந்த மூன்று படங்களில், ஏழை ஊர் ஷேடிசைடில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சாகிறார்கள், பக்கத்துப் பணக்கார ஊர் ஸன்னிவேல் செழிக்கிறது. சாபம் சூனியக்காரியுடையது அல்ல. ஊரின் பெரிய குடும்பம் பரம்பரையாகச் செய்துவந்த பேரம். யோசனையில் நேர்மை இருக்கிறது. ஆனால் மூன்றாவது படம் முடிவதற்குள் ஒவ்வொரு கொலைக்கும் காரணம் சொல்லி, கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்த்தாகிவிடுகிறது. நான் வங்கியில் வேலை பார்ப்பவன். ஒவ்வொரு பற்றுக்கும் வவுச்சர் கேட்பது எங்கள் தொழில். கலைக்கு அது தொழில் அல்ல. கார்ப்பென்டரின் கொலைகாரனுக்குப் படத்தின் பெயர்ப் பட்டியலில் வெறுமே 'உருவம்' என்றுதான் போட்டிருக்கிறது. அவன் ஏன் கொல்கிறான் என்று படத்தில் யாருக்கும் தெரியாது. கடைசியில் அவன் விழுந்து கிடந்த இடம் காலியாக இருக்கிறது; பிறகு காலி அறைகள், மாடிப்படி, தெருவின் வீடுகள், மூச்சுச் சத்தம். அவன் போனது எங்கே என்றால், அந்த வீடுகளுக்குள்.

பழங்காலத்தை எடுத்தாளவே கூடாது என்பதல்ல என் கட்சி. டேவிட் ராபர்ட் மிட்செலின் 'இட் ஃபாலோஸ்' (2014) படத்தை இவர்கள் ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்கட்டும். அதில் பழைய குமிழ்த் திரை டெலிவிஷனில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. அதே வீட்டில் ஒரு பெண் சிப்பி வடிவக் கருவியில் புத்தகம் படிக்கிறாள், அப்படி ஒரு கருவி எந்த வருஷத்துக் கடையிலும் கிடையாது. இது எந்தக் காலம் என்று தெரியாமல் போவதே பயமாகிறது. பெரியவர்கள் அநேகமாகக் காட்சிக்குள்ளேயே வருவதில்லை. ஊர் டெட்ராய்ட், 2013இல் திவாலான நகரம். சிறுவயதில் எட்டாம் மைல் சாலைக்குத் தெற்கே போக வீட்டில் விடமாட்டார்கள், அதன் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது என்கிறாள் ஒருத்தி, பாழடைந்த வீடுகளைக் கடந்து நடந்தபடி. அவ்வளவுதான் சொல்கிறாள். 'ஃபியர் ஸ்ட்ரீட்' மூன்று படங்களில் விஸ்தரித்ததை இந்தப் படம் ஒரு நடையில் வைத்துவிடுகிறது. அதன் முடிவில் காதலர்கள் கைகோத்துத் தெருவில் போகிறார்கள். நல்ல வெயில், நடைபாதை, புல்வெளி. பின்னால், கொஞ்ச தூரத்தில், யாரோ ஒருவன் நடந்து வருகிறான்.